பெய்யாத மழைக்கு வைத்த உரம்

மலாக்கா மாநிலத்தில் நியாலாஸ் டவுனைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில், எஸ்டேட்டின் எண்ணெய்ச் செம்பனை வரிசைகள் முடிகிற இடத்தில் நல்லமுத்துவின் காப்பித் தோட்டம் இருந்தது. தோட்டம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. இரண்டு ஏக்கர் சரிவு நிலம், ஓரத்தில் ஒரு பலகை வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. அவனுடைய அப்பா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய காலத்தில் வாங்கிப் போட்டது. மரங்கள் எல்லாம் உள்ளங்கையை விட அகலமான இலை கொண்ட பெரிய இலைக் காப்பி.

காலையில் அவனுக்கு எஸ்டேட் வேலை. செம்பனைக்கு உரம் வீசும் கும்பலில் ஒருவன். அங்கே ஆபீஸ் சொன்ன நாளில் சொன்ன உரத்தை வீசிவிட்டு வரவேண்டியதுதான். மத்தியானத்துக்கு மேல் சொந்த மரங்கள். அங்கே வானத்தையும் மண்ணையும் கேட்டுத்தான் எதையும் செய்வான்.

காப்பி மரம் வறண்ட நாட்களில் மொட்டுகளை இறுக்கி வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கும். ஒரு நல்ல மழை இறங்கிவிட்டால் போதும், அடுத்த வாரமே கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்த மழையில் மண் ஊறியதும் ஓர் உரம். பிஞ்சு பிடித்ததும் இன்னொன்று. காய் திரளும்போது ஒன்று. பறித்து முடித்து மரம் களைத்து நிற்கையில் கடைசியாக ஒன்று. எல்லாவற்றுக்கும் ஈரம் வேண்டும். காய்ந்த மண்ணில் போட்டால் உரத்தின் உப்பு வேரைச் சுட்டுவிடும். கொட்டப் போகிற மழைக்கு முன்னால் போட்டால் அத்தனையும் ஓடைக்குப் போய்விடும். மழை விட்டு, மண் கையில் பிடித்தால் பிடி நிற்கிற பதத்தில், வெயில் ஏறும் முன் போட வேண்டும்.

அந்த வேலையை நல்லமுத்துவும் அவன் மனைவி சுப்பம்மாவும் சேர்ந்துதான் செய்வார்கள். அவன் முன்னால் போய், மரத்தின் நிழல் விழும் விளிம்பை ஒட்டி வட்டமாகப் புல்லைச் செதுக்குவான். அவள் வாளியோடு பின்னால் வந்து, பால் டின்னில் அள்ளி அந்த வட்டத்தில் தூவுவாள். அடிமரத்தில் ஒரு மணி கூடப் படாது. அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். உரம் மண்ணில் விழுகிற சரசரப்பு கேட்டுக்கொண்டிருந்தால் அவள் பின்னால் இருக்கிறாள் என்று அர்த்தம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழிந்தும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஜாசின் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள், கோயில்களுக்கும் போனார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அதோடு வேறு பல பேச்சுகளும் நின்று போயின.

தொண்ணூறாம் வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு, மலாக்கா டவுன் பக்கம் செங் என்ற ஊரில் ஒரு பாக்டரி ஹாஸ்டலுக்குச் சமையல் செய்ய ஆள் வேண்டும் என்று எஸ்டேட்டில் ஒரு பேச்சு வந்தது. மற்ற மாநிலங்களிலிருந்து வந்து ஷிப்டு வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்கள் அங்கேயே தங்கி இருந்தார்கள். சமையல்காரிக்கும் அங்கேயே ரூம்.

“நான் போகட்டுமாங்க?” என்று சுப்பம்மா கேட்டாள்.

நல்லமுத்து மண்வெட்டிக்குக் காம்பு சீவிக்கொண்டிருந்தான். “உனக்குப் பிடிச்சா போ” என்றான்.

போகாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒரு மாதத்தில் அலுத்துப்போய் அவளே வந்துவிடுவாள் என்று நினைத்து விழுங்கிக்கொண்டான்.

பஸ் ஏறும்போது அவள் ஒன்றுதான் சொன்னாள். “உரம் போடுற நேரம் வந்தா ஒரு போன் அடிங்க. லீவு சொல்லிட்டு வந்துடுறேன். தனியா கெடந்து போடாதீங்க.”

அந்த வாக்கை அவள் மீறவில்லை. மழை விழுந்து மண் ஊறியதும், நல்லமுத்து சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுனில் ராமையாவின் மளிகைக் கடைக்குப் போய், அங்கிருந்து ஹாஸ்டலுக்கு போன் அடிப்பான். மறுநாளே அவள் வந்து இறங்குவாள். இரண்டு காலையில் உரம் முடியும். மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவாள். இடையில் தீபாவளி வந்தால் ஒருமுறை. மற்றபடி அந்த வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். அலுத்துப்போய் வருவாள் என்று நினைத்தது நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டு வந்தாள்.

என்னதான் இருக்கிறது அங்கே என்று பார்த்துவிட ஒருமுறை நல்லமுத்துவே செங்குக்குப் போனான். தோட்டத்து வாழைத்தார் ஒன்றைச் சுமந்துகொண்டு போயிருந்தான். ஹாஸ்டல் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீலச் சட்டை போட்ட பெண்கள் ஷிப்டு முடிந்து கும்பலாக உள்ளே வந்தார்கள். “அம்மா, பசிக்குதும்மா!”, “அம்மா, இன்னிக்கு என்ன கறி?”, “அம்மா, என் தலைக்கு எண்ணெ வச்சு விடுங்கம்மா.” எல்லாக் குரலும் சுப்பம்மாவைத்தான் சுற்றி வந்தன. அவள் கரண்டியோடு நின்று ஒருத்தியை அதட்டினாள், ஒருத்தியின் கன்னத்தைக் கிள்ளினாள், எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நல்லமுத்து கல்யாணமான புதிதில் கேட்டிருந்தான். எப்போது கடைசியாகக் கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, நான்கு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பினான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன், வழியில் பெம்பான் ஊர் தாண்டியது கூடத் தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அவளைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் புறப்பட்டிருந்தான். எந்த வாயால் கேட்பது?

அடுத்த வருஷம் வானம் ஏமாற்றியது. வழக்கமாக மழை திரும்பும் நேரத்தில் மழை திரும்பவில்லை. காலையில் மேகம் கூடும், மத்தியானம் கலைந்துவிடும். காப்பி இலைகள் குழாய் மாதிரிச் சுருண்டு தொங்கின. மழை இல்லாததால் உரம் இல்லை. உரம் இல்லாததால் போன் அடிக்கக் காரணம் இல்லை. நல்லமுத்து தினமும் மரத்தடியில் குந்தி மண்ணை அள்ளிப் பார்ப்பான். அது விரலிடுக்கில் பொடியாக ஓடும். மரத்தின் தாகத்துக்காகப் பார்க்கிறானா, தன் தாகத்துக்காகப் பார்க்கிறானா என்று அவனுக்கே தெரியாமல் போயிற்று.

ஒருநாள் சாயங்காலம் சீனி வாங்க ராமையாவின் கடைக்குப் போனவன், கை தானாக நீள, போனை எடுத்தான்.

“சுப்பம்மா, இங்க மழ பேஞ்சிருக்கு. மண்ணு நல்லா ஊறிக் கெடக்கு.”

“அப்படியா? இங்க ஒரு பொட்டுத் தண்ணி இல்லீங்க. சரி, நாளைக்கு வந்துடுறேன்” என்றாள் அவள்.

ராமையா அரிசி நிறுத்துக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெளியே சாலையில் பறந்த புழுதியைப் பார்த்தார். “எங்கலா பேஞ்சிச்சு, நல்லமுத்து?” என்று கேட்டார்.

“மேலப் பக்கம்ணே” என்று சொல்லிவிட்டு அவன் சீனியை மறந்து சைக்கிளை எடுத்தான்.

சுப்பம்மா மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் செருப்பைச் சுற்றிச் செம்புழுதி எழுந்தது. சாலையோரச் செடிகள் எல்லாம் துரு ஏறின மாதிரி நின்றன. வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குள் போய், குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

“காஞ்சுல்ல கெடக்கு?”

“காத்துல காஞ்சிருச்சு. நாளைக்கு நாளன்னைக்கு மறுபடி பேயும். வந்துட்ட, போட்டுருவோம்.”

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டான். அவளும் வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் சரசரவென்று உரம் விழுந்த சத்தத்தில் நல்லமுத்துவுக்குக் கண் கலங்கியது. தான் செய்வது தப்பு என்று அவன் கைக்குத் தெரியும். ஒவ்வொரு வட்டத்தையும் செதுக்கும்போது தெரியும். ஆனாலும் சரிவு முழுக்கப் போட்டு முடித்தார்கள். அவள் போனாள்.

மழை வரவில்லை. ஓர் இரவு மட்டும் உரத்தைக் கரைக்கும் அளவுக்குத் தூறிவிட்டு நின்றுவிட்டது. அதுதான் கெடுத்தது. கரைந்த உப்பு ஈரம் இல்லாத மண்ணில் வேரைப் பிடித்தது. ஒரு வாரத்தில் இலை ஓரங்கள் தீப்பட்டது போலக் கருகின. இறுகி இருந்த மொட்டுகள் தொட்டால் உதிர்ந்தன. சரிவின் மேல் பக்கத்து மரங்கள்தான் அதிகம் அடிபட்டன. நல்லமுத்து எஸ்டேட் வேலை முடிந்து வந்ததும் கிணற்றில் இறைத்து, இரண்டு வாளிகளைத் தோள் கம்பில் மாட்டிச் சரிவில் ஏறினான். உப்பைக் கீழே இறக்க ஒரு மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்! இருட்டும் வரை ஏறுவான், இறங்குவான். தோளில் காய்ப்பு உடைந்து ரத்தம் கசிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வறட்சி மலாக்கா டவுனையும் விடவில்லை. அணை வற்றிப்போய் வீடுகளுக்குத் தண்ணீர் முறை வைத்து விட்டார்கள். லாரியில் தண்ணீர் வந்தால் ஜனங்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அத்தனை பெண்களை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் நடத்த முடியாமல், தண்ணீர் சீராகும் வரை ஊருக்குப் போய்வரச் சொல்லிவிட்டது கம்பெனி.

ஒரு மத்தியானம், அவன் போன் எதுவும் அடிக்காமலே, சுப்பம்மா வந்து நின்றாள். கூடவே, ஹாஸ்டலில் தங்கியிருந்த, வடக்கே சித்தியவான் பக்கத்துப் பெண் ஒருத்தி. பெயர் திலகவதி. பத்தொன்பது வயது. அம்மா இறந்து, அப்பா வேறு குடும்பம் வைத்துவிட்டதால், ஊருக்குப் போ என்றால் போக அவளுக்கு ஊர் இல்லை.

“நம்ம கெணத்துலதான் தண்ணி இருக்கேன்னு கூட்டியாந்தேன்” என்றாள் சுப்பம்மா.

“வாம்மா” என்றான் நல்லமுத்து. அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே போய் இன்னொரு பாயைத் தேடினான்.

அன்று மாலையே சுப்பம்மா தோட்டத்தைப் பார்த்துவிட்டாள். மேல் சரிவில் கருகிய மரங்களுக்கு நடுவே வெகுநேரம் நின்றாள். அவன் தண்ணீர் வாளிகளோடு ஏறி வந்தபோது அவள் கையில் ஒரு கருகின இலை இருந்தது.

“மழ பேயலன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“பின்ன எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?”

அவன் வாளிகளை இறக்கி வைத்தான். “வேற எதச் சொல்லிக் கூப்பிடுறதுன்னு தெரியல.”

சுப்பம்மாவுக்குக் கோபம் வந்தது. “அதுக்கு மரத்தப் போயா எரிப்பாங்க? வான்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா வந்திருப்பியா?”

உடனே வந்திருப்பேன் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. கீழே கிணற்றடியில் திலகவதி வாளியை இறக்கும் சத்தம் கேட்டது.

“பதினஞ்சு வருஷமா இந்த வீட்டுல என்னைக் கூப்பிட ஒரே ஒரு கொரலு” என்றாள் அவள் மெதுவாக. “அதுவும் வாளிய எடு, டின்ன எடுன்னுதான் கூப்பிடும். அங்க பொழுது விடிஞ்சா அம்மா அம்மான்னு கூப்பிடுதுங்க. பொய்யாவே கூப்பிட்டாலும் எனக்கு அது வேணுங்க. நான் என்ன செய்யட்டும்?”

பிள்ளை இல்லாத துக்கம் அவளுக்கு ஆறிவிட்டது என்று நல்லமுத்து இத்தனை நாள் நினைத்திருந்தான். அவளும் அவனுக்கு ஆறிவிட்டது என்றே நினைத்திருந்தாள். ஒரு வாளியை அவள் எடுத்துக்கொண்டாள். மற்றதை அவன் எடுத்தான். இருவரும் மரங்களுக்கு ஊற்றினார்கள்.

அந்த நாட்கள் நல்லமுத்துவின் வாழ்க்கையில் வறட்சி நாட்களாக இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது அடுப்படியில் இரண்டு பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும். மாலையில் மூவரும் வரிசையாகச் சரிவில் தண்ணீர் ஏற்றுவார்கள். திலகவதி அவனை முதலில் “அங்கிள்” என்றாள். பிறகு எப்போதிலிருந்தோ “அப்பா” என்றாள். முதல் தடவை அந்த வார்த்தை காதில் விழுந்தபோது அவன் பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னும் கொஞ்ச நாள் பெய்யாமல் இருக்கட்டும் என்று ஒருத்தன் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டது யாருக்கும் தெரியாது.

மழை ஒருநாள் வந்தே விட்டது. முதலில் செம்பனைக் காட்டுக்குள் தூரத்தில் இரைச்சல் கேட்டது. அது சாலையைத் தாண்டி, தகரக் கூரையில் ஏறி, பேச்சு கேட்காத அளவுக்கு அறைந்தது. திலகவதி முற்றத்தில் இறங்கி நனைந்தாள். சுப்பம்மா வாசற்படியில் நின்று, “உள்ள வாடி, காய்ச்ச வரும்” என்று கத்திக்கொண்டே தானும் கையை நீட்டி நனைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மண் பிடி நிற்கிற பதத்தில் இருந்தது. உரத்துக்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது. சுப்பம்மா வாளியைத் தேடி எடுத்தாள்.

“இப்ப வேணாம்” என்றான் நல்லமுத்து. “வேரு புண்ணா இருக்கு. புதுத் துளிரு வரட்டும். இப்பப் போட்டா அதுக்கு சாப்பாடு இல்ல, வெஷம்.”

வாளியைத் திரும்ப மாட்டும்போது சுப்பம்மாவின் முகம் வாடியது. உரம் இல்லையென்றால் அவள் அங்கே இருக்க வேண்டிய காரணமும் குறைந்துபோகிறது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

அதிகம் அடிபடாத கீழ்ச் சரிவு மரங்கள் அடுத்த வாரம் பூத்தன. மல்லிகையைக் கூடையோடு கொட்டினது போல வீடு முழுக்க வாசனை. அன்றைக்கே ஹாஸ்டல் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கம்பெனி வேன் டவுனுக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டது. மேல் சரிவு அப்போதும் கருகித்தான் நின்றது.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சுப்பம்மா நின்றாள். நல்லமுத்து மூன்று முறை தொண்டையைச் செருமினான்.

“இனிமே மழன்னு சொல்லிக் கூப்பிட மாட்டேன்” என்றான்.

அடுத்த வாரம் ராமையாவின் கடையிலிருந்து போன் போயிற்று.

“என்னங்க, துளிரு வந்திருச்சா?” என்றாள் சுப்பம்மா.

“இல்ல.”

“பின்ன என்ன?”

“ஒண்ணுமில்ல. நீ வா.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெண் “அம்மா!” என்று கூப்பிடுவது மட்டும் கேட்டது. பிறகு சுப்பம்மா, “சனிக்கெழம வரேன். அந்தப் பிள்ளையும் வருமாம்” என்றாள்.

அதன் பிறகு அவள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் வந்தாள். வேலையை விடவில்லை. விடச் சொல்லி அவனும் கேட்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் போய்விடுவாள். ஷிப்டு மாறினால், ஹாஸ்டலில் யாருக்காவது காய்ச்சல் என்றால், அந்த வாரம் வரமாட்டாள். அந்த வாரங்களில் அவன் சாலைப் பக்கம் போவதில்லை, பஸ் சத்தம் கேட்கக் கூடாது என்று.

மேல் சரிவு மரங்களில் பாதி செத்துப்போயின. மீதி தேற இரண்டு வருஷம் ஆயிற்று. துளிர் முதிர்ந்த பிறகு, டின்னில் கால் பங்கு மட்டும், நல்ல ஈரத்தில், தள்ளித் தள்ளிப் போட்டு அவற்றை மீட்டார்கள். செத்த இடங்களில் கன்று நட்டார்கள்.

தொண்ணூற்றைந்தில் திலகவதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதே பாக்டரியில் மெஷின் பார்க்கிறவன், ஜொகூர் பையன். பலகை வீட்டின் முன்னால் பந்தல் போட்டு, நல்லமுத்துவும் சுப்பம்மாவும் தாய் தகப்பனாக நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஜொகூருக்குக் கிளம்பிய காரின் பின்னால், சாலை வளைவு வரை சுப்பம்மா நடந்தே போனாள். அவளைத் திரும்பக் கூட்டி வந்தது நல்லமுத்துதான். அன்றுதான் அவர்கள் பிறக்காத பிள்ளையைப் பற்றி முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். பிறந்திருந்தால் இப்போது என்ன வயது, என்ன பெயர் வைத்திருப்போம் என்று. இருவரும் ஒரே பெயரைத்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

திலகவதி முதல் தீபாவளிக்கு வந்தாள். பிறகு கர்ப்பம் என்றாள், பிறகு தூரம் என்றாள். வருகை குறைந்தது. செங்கிலும் பழைய பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போக, புதுமுகங்கள் வந்தன. சுப்பம்மா சனிக்கிழமை வந்தால் பாதி நேரம் படியில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வேலைக்குப் போன புதிதில் அந்த இடத்தில் உட்கார்ந்து அப்படிப் பார்த்தவன் நல்லமுத்து. அதனால் அவளிடம் எதுவும் கேட்காமல் டீயைக் கலந்து பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்துகொள்வான்.

அப்படி ஒரு வருஷம், ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு சாயங்காலம்தான் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தான். அந்த ஞாயிறு இரவே, வெகு நாளைக்குப் பிறகு, ஓசையில்லாத நல்ல மழை. விடிந்ததும் போய் மண்ணை அள்ளிப் பிடித்தான். பிடி நின்றது. பிஞ்சு பிடித்திருந்த மரங்கள் இலை நிமிர்ந்து, உரம் கேட்டு நின்றன. உரச் சாக்கு கொட்டகையில் பிரிக்காமல் இருந்தது. அவன் ஒருத்தனே போட்டுவிடலாம். அவனால் முடியாத வேலை இல்லை.

சனிக்கிழமை வரைக்கும் இந்த ஈரம் தாங்குமா என்று யோசித்தான். அடுத்த மழை எப்போது என்று யாருக்குத் தெரியும்? போன் அடித்தால் அவள் லீவு சொல்லிவிட்டு ஓடி வருவாள். வேண்டாம், நேற்றுத்தான் போனாள்.

நல்லமுத்து மண்வெட்டியைச் சாத்திவிட்டு அரிவாளை எடுத்தான். சாலையோரத்துப் புல்லை வகையாக அறுத்து, கட்டுக் கட்டாகச் சுமந்து வந்தான். முதல் மரத்தின் கீழே குந்தி, சனிக்கிழமை வரை வெயில் ஈரத்தைத் தொடாதபடி, நிழல் விழும் விளிம்பைச் சுற்றிப் புல்லைக் கனமாகப் பரப்பினான். பிறகு எழுந்து அடுத்த மரத்துக்குப் போனான்.